வீட்டுக்குக் குழாய் எரிவாயு: பதிவு செய்வது முதல் அடுப்பு எரிவது வரை

சிலிண்டர் எப்போது தீரும் என்று தட்டிப் பார்த்துக்கொண்டே சமைத்துப் பழகிய நம் ஊரில், குழாயில் வரும் எரிவாயு இன்னும் புதுசுதான். மும்பை, டெல்லி, குஜராத் பக்கமெல்லாம் ஒரு தலைமுறையே இதில் சமைத்துவிட்டது. சென்னை, கோவை, திருப்பூர் போன்ற ஊர்களில் இப்போதுதான் தெருத்தெருவாகக் குழாய் பதித்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் விளக்கம் கேட்கப் பக்கத்து வீட்டில் அனுபவப்பட்ட ஆள் கிடைப்பதில்லை. பதிவு செய்பவர் ஒருவர், குழாய் போடுபவர் ஒருவர், கேஸ் திறந்துவிட வருபவர் வேறொருவர். மூவரும் ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பணமும் காகிதமும் பெரிய விஷயமே இல்லை. சமையலறைக்குள் குழாய் எந்த வழியாக வருகிறது, காற்று எந்த வழியாக வெளியே போகிறது என்ற இரண்டும்தான் அடுத்த இருபது வருடத்துக்கு உங்களோடு இருக்கப்போகின்றன. அவற்றை நிறுவனத்து ஆட்கள் டிரில் மெஷினோடு வந்து நிற்கும்போது யோசிக்கக் கூடாது. அதற்கு முன்பே நீங்கள் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு யார்?

எல்பிஜி போல இதில் இண்டேனா, பாரத்தா, ஹெச்பியா என்று தேர்ந்தெடுக்க முடியாது. பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் நாட்டைப் புவியியல் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி 2018-லும் அதற்குப் பிறகும் நடந்த ஏலச் சுற்றுகளில்தான் ஒதுக்கப்பட்டது. சென்னையும் திருவள்ளூரும் டோரன்ட் கேஸிடம் இருக்கின்றன. காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் ஏஜி அண்ட் பி பிரதம் என்ற பெயரில் தொடங்கி இப்போது திங்க் கேஸ் என்று வழங்கும் நிறுவனம். கோவைக்கும் சேலத்துக்கும் இந்தியன் ஆயில், திருப்பூருக்கு அதானி. மற்ற மாவட்டத்துக்காரர்கள் வாரியத்தின் இணையதளத்தில் மாவட்டப் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும்.

நிறுவனம் இருக்கிறது என்பதால் உங்கள் தெருவில் கேஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “எங்கள் தெருவில் குழாய் பதித்தாயிற்றா, பதித்த குழாயில் கேஸ் ஏற்றியாயிற்றா?” இரண்டும் வேறு வேறு. குழாய் மட்டும் பதித்துவிட்டு, மெயின் லைனோடு இணைக்காமல் மாதக்கணக்கில் கிடப்பதுண்டு. கேஸ் ஏற்றிய தெருவாக இருந்தால் நம்பிப் பதிவு செய்யலாம். இல்லையென்றால், முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டாமல் பெயரை மட்டும் பதிந்து வையுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்டும் வேலைகளை மாநகராட்சி நிறுத்தி வைப்பது வழக்கம். உங்கள் தெருவில் இன்னும் தோண்டவில்லை, செப்டம்பரும் வந்துவிட்டது என்றால், பொங்கலுக்குப் பிறகுதான் எதிர்பார்க்க வேண்டும்.

கேஸ் எப்படி வருகிறது

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-இல் செயல்பாட்டுக்கு வந்தது. கப்பலில் உறைகுளிர் திரவமாக வருவதை அங்கே மறுபடியும் வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள். நகருக்குள் எஃகுக் குழாயில் பல பத்து பார் (அழுத்தத்தின் அலகு, ஒரு பார் என்பது 1,000 மில்லிபார்) அழுத்தத்தில் ஓடும் வாயு, ஒழுங்குபடுத்தும் நிலையத்தில் 4 பாருக்குள் குறைந்து, தெருவுக்கடியில் போகும் பாலிஎதிலின் குழாய்க்கு வருகிறது. உங்கள் கட்டடத்துச் சுவரில் ஒரு சிறிய பெட்டி வைப்பார்கள். அதிலிருக்கும் ரெகுலேட்டர் அழுத்தத்தை 100 மில்லிபாராக்கும். மீட்டருக்குப் பக்கத்திலிருக்கும் இன்னொரு ரெகுலேட்டர் அதை 21 மில்லிபாராக்கும். அடுப்புக்கு வருவது இந்த 21 மில்லிபார்தான். காற்று மண்டல அழுத்தமே ஏறக்குறைய 1,000 மில்லிபார் என்பதோடு சேர்த்துப் பார்த்தால், வீட்டுக்குள் வரும் அழுத்தம் எவ்வளவு மெல்லியது என்று புரியும். “குழாய் வெடித்துவிடாதா?” என்று கேட்கும் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இதை விளக்கக் காரணம் உண்டு. மீட்டர் வரையிலான குழாய், ரெகுலேட்டர், மீட்டர் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. அடுப்பும், அதற்குப் போகும் ரப்பர் டியூபும், சமையலறையின் காற்றோட்டமும் உங்கள் பொறுப்பு. இந்த எல்லைக்கோடு தெரியாமல்தான் பல வீடுகளில் “அவங்க பார்த்துப்பாங்க” என்று இரண்டு பக்கமும் விட்டுவிடுகிறார்கள்.

லாபமா என்று கணக்குப் போட

14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் எல்பிஜி தரும் வெப்பமும், ஏறத்தாழ 18 கன மீட்டர் இயற்கை எரிவாயு தரும் வெப்பமும் சமம். எனவே உங்கள் சிலிண்டர் விலையை 18-ஆல் வகுங்கள். சிலிண்டர் 900 ரூபாய் என்றால் 50 வரும். குழாய் கேஸ் வரியோடு சேர்த்து கன மீட்டருக்கு 50 ரூபாய்க்குக் கீழே இருந்தால் லாபம், மேலே போனால் நஷ்டம். எரிவாயு இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மாநில வாட் வரிதான். அதனால் “வரியோடு சேர்த்து எவ்வளவு?” என்று கேட்டு வாங்குங்கள். மானியம் பெறும் உஜ்வலா குடும்பங்கள் மானியம் போக மிஞ்சும் விலையை வைத்துத்தான் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சிலருக்குச் சிலிண்டரே மலிவாக இருக்கக்கூடும்.

ஒரு சிலிண்டர் 45 நாள் வருகிற வீட்டுக்கு மாதம் 12 கன மீட்டர் ஆகும். இந்த அளவில் லாபமோ நஷ்டமோ பெரிய தொகையாக இருக்காது. உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாவது மாடிக்குச் சிலிண்டர் தூக்க ஆள் தேட வேண்டாம். தனியாக இருக்கும் வயதானவர்கள் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்ட வேண்டாம். சமையலறையில் இரண்டு சிலிண்டருக்கான இடம் மிச்சம். என்னைக் கேட்டால், பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்கு இதற்காகவே போடலாம்.

பதிவும் காகிதமும்

நிறுவனத்தின் இணையதளத்திலோ, தெருவுக்கு வரும் முகவரிடமோ பதிவு செய்யலாம். ஆதார் போன்ற அடையாளச் சான்று, வீடு உங்களுடையது என்பதற்குச் சொத்து வரி ரசீது அல்லது பத்திர நகல், முகவரிக்கு இபி பில், இவை போதும். வாடகை வீடென்றால் ஒப்பந்த நகலோடு வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் வேண்டும். சுவரைத் துளைக்கிற வேலை என்பதால் வாய்மொழிச் சம்மதம் போதாது.

கட்டணத்தில் பெரும்பகுதி காப்புத்தொகை. பெரும்பாலான இந்திய நகரங்களில் இது 5,000 முதல் 7,000 ரூபாய்க்குள் இருக்கும். இணைப்பை விடும்போது திரும்பக் கிடைக்கும். மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு பில்லோடு சேர்த்துச் சிறு தவணையாகவோ, வாடகை போலவோ வசூலிக்கும் திட்டங்களும் உண்டு. வாடகை வகையில் கட்டுவது திரும்ப வராது என்பதைக் கவனியுங்கள். ரசீதில் எது ‘திரும்பத் தரத்தக்கது’, எது ‘திரும்பத் தர இயலாதது’ என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா பார்த்து, அந்த ரசீதைப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். பல வருடம் கழித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அது ஒன்றுதான் சாட்சி.

முகவரிடம் கையில் பணம் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் பெயருக்குக் காசோலை, அல்லது அவர்களுடைய இணையதளம் வழியாக மட்டும் கட்டுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு படி கூடுதல். சங்கத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் வேலை தொடங்காது. இங்கேதான் அதிகமாக இழுத்தடிக்கும். வெளிச்சுவரில் மஞ்சள் குழாய் ஓடினால் அழகு கெடும், மொட்டை மாடியில் ஆட்கள் கயிறு கட்டித் தொங்குவார்கள், துளை வழியாக மழைநீர் இறங்கும் என்று கூட்டத்தில் பேச்சு வரும். மூன்றும் நியாயமான கவலைகள்தான். சான்றிலேயே நிபந்தனையாக எழுதிவிட்டால் கவலை தீர்ந்தது: குழாய் எந்தப் பக்கச் சுவரில் ஏறும் என்பதற்கு வரைபடம் இணைக்க வேண்டும், துளைகளை அடைத்துப் பூசித் தர வேண்டும், தோண்டிய தரையைப் பழையபடி டைல்ஸ் போட்டுத் தர வேண்டும், உயரத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு பெல்ட் கட்டாயம். சரியான நிறுவனம் இதற்கு ஒப்புக்கொள்ளும். பாதி வீடுகள் சேர்ந்தாலும் நேர்க்குத்துக் குழாயை எல்லா மாடிக்கும் சேர்த்தே ஏற்றச் சொல்லுங்கள். பிறகு சேர விரும்புபவருக்காக மறுபடி கயிறு கட்ட வேண்டியிருக்காது.

இடம் பார்க்க வரும் நாள்

சர்வேக்கு வருபவர் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார். அந்தப் பத்து நிமிடத்தில் வீட்டில் முடிவெடுக்கக்கூடியவர் இருக்க வேண்டும். தினமும் சமைப்பவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும்.

மீட்டருக்கு இடம் சொல்லுங்கள். காற்றோட்டமுள்ள, கை எட்டும், மழை நேரடியாக அடிக்காத இடம். சர்வீஸ் பால்கனியோ சமையலறை ஜன்னலுக்கு வெளிப்பக்கமோ பொருத்தம். படுக்கையறை, குளியலறை, மூடிய அலமாரி கூடாது. இபி மீட்டருக்கும் ஸ்விட்ச் போர்டுக்கும் பக்கத்தில் வேண்டாம்.

அடுத்து, மீட்டரிலிருந்து அடுப்பு வரை குழாய் வரும் வழி. இருப்பதிலேயே குறுகிய, வளைவு குறைந்த, முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிற வழியைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பிட்ட நீளம் வரைதான் கட்டணத்தில் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் இவ்வளவு என்று தனியாகப் போடுவார்கள். அதனால் குறுகிய வழி செலவையும் குறைக்கும். குழாய் சுவருக்குள் புதையக் கூடாது, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போகக் கூடாது, மாடுலர் கிச்சன் பெட்டிக்குப் பின்னால் மறையவும் கூடாது. வேலை செய்யும் பையன் நல்லெண்ணத்தில்தான் கேட்பான்: “மேடம், கேபினட்டுக்குள்ள விட்டுடவா? வெளிய தெரியாது, பார்க்க நல்லா இருக்கும்.” “வேணாம் தம்பி, வெளியவே வரட்டும், கண்ணுக்குத் தெரியணும்” என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். தெரிகிற குழாயில் கசிவு வந்தால் சோப்பு நுரை வைத்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். பெட்டிக்குப் பின்னால் இருந்தால் தச்சரைக் கூப்பிட வேண்டும்.

கடைசியில் வருவது அடுப்பு வால்வு. இது மேடைக்கு மேலே, அடுப்பின் பக்கவாட்டில், தீயைத் தாண்டிக் கை நீட்டாமல் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் பின்னால் வைத்தால், எண்ணெய்ச் சட்டி தீப்பிடிக்கும் நாளில் அந்த வால்வை யாராலும் மூட முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வால்வைச் சரியான இடத்தில்தான் வைத்தார்கள். பிறகு கிச்சன் வேலை செய்தவர் அதன் மேலேயே பிளைவுட் பலகை அடித்து மூடிவிட்டார். பலகையில் கைவிடும் அளவு சதுரம் வெட்டிய பிறகுதான் அந்த வால்வைத் திருப்ப முடிந்தது. உள் அலங்கார வேலை பாக்கியிருந்தால் முதலில் அதை முடியுங்கள். முடியாதென்றால் வால்வின் இடத்தைச் சுவரில் குறித்து, தச்சரிடம் காட்டிவிடுங்கள்.

காற்றோட்டம்: எல்பிஜி பழக்கம் இங்கே உதவாது

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால்தான் சிலிண்டர் அலமாரியின் அடியில் ஓட்டை விடச் சொன்னார்கள். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றில் ஏறக்குறைய பாதியளவே கனம். கசிந்தால் மேலே ஏறி, கூரையடியில் சேரும். சேர்ந்த இடத்தில் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும்.

எனவே அடியில் இருக்கும் ஓட்டையால் பயனில்லை. கூரைக்குப் பக்கத்தில், எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு வழி வேண்டும். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே சிமென்ட் ஜாலி இருக்கும். அதுவே இதற்கு அருமையான ஏற்பாடு. கரப்பான் வருகிறது, ஏசி குளிர் போகிறது என்று அதை அட்டை வைத்து அடைத்திருந்தால் பிரித்துவிட்டுக் கொசுவலை அடியுங்கள். புதிய அடுக்குமாடிகளில் ஜன்னல் மட்டும்தான் இருக்கும். அங்கே கண்ணாடியின் மேல் பகுதியில் லூவர் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் இடத்தை மூடி போடாமல் விடுங்கள். சிம்னி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது ஸ்விட்ச் போட்டால்தான் இழுக்கும், கசிவு நேரத்தில் ஸ்விட்சைத் தொடவே கூடாது. ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறையென்றால், ஹாலில் கூரையருகே ஒரு திறப்பு இருக்கிறதா பாருங்கள். காற்றுக்கு வழியே இல்லாத சமையலறைக்கு நிறுவனம் இணைப்பு மறுத்தால் சண்டை போடாதீர்கள். அவர்கள் சொல்வது சரி.

குழாய் போடும் நாளும் சோதனையும்

வெளியே மஞ்சள் பூசிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், உள்ளே ஜிஐ அல்லது செம்பு. சுவரைத் தாண்டும் இடத்தில் குழாயைச் சுற்றி ஓர் உறை போட வேண்டும். துளையை வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சற்றுச் சரிவாகப் போட்டால் மழைநீர் உள்ளே வராது. துளை போடும் முன், அந்தச் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயையும் மின் கம்பியையும் நீங்களே காட்ட வேண்டும். அவர்களுக்குத் தெரிய வழியில்லை. மேடை மேலிருக்கும் பாத்திரங்களை எடுத்துவிட்டு ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிடுங்கள். தூசு ஏராளமாகப் பறக்கும்.

குழாய் போட்டு முடித்ததும் அழுத்தச் சோதனை. உள்ளே காற்றை ஏற்றி, வால்வுகளை மூடி, அளவுமானியைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். முள் இறங்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பார்ப்பார்கள். இரண்டையும் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். “எல்லாம் பார்த்தாச்சு சார், கையெழுத்து மட்டும் போடுங்க” என்று தாளை நீட்டினால், மறுபடி ஒருமுறை காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். அந்தத் தாளில் சோதனை நடந்ததாகக் கையெழுத்திடுவது நீங்கள்தான்.

கேஸ் திறக்கும் நாள்

குழாய் போட்ட அன்றே கேஸ் வருவது அரிது. தனியாக ஒரு நாள் வருவார்கள். குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, அடுப்பை மாற்றியமைப்பதுதான் அன்றைய வேலை.

பழைய எல்பிஜி அடுப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் அப்படியே இணைக்கவும் முடியாது. ஒரே அளவு இயற்கை எரிவாயுவுக்கு எல்பிஜியின் பாதி வெப்பம்கூட இல்லை, அழுத்தமும் குறைவு. அதே சூடு வர வேண்டுமென்றால் அதிக வாயு போக வேண்டும். அதற்காக பர்னருக்கு அடியிலிருக்கும் ஜெட் என்ற சிறிய பித்தளைத் துண்டைக் கழற்றி, பெரிய துளையுள்ள ஜெட் போடுவார்கள். மாற்றிய பிறகு எல்லா பர்னரையும் ஏற்றிப் பாருங்கள். தீ நீலமாக, பர்னரின் மேல் நிலையாக நிற்க வேண்டும். மஞ்சள் நாக்கு நீண்டால் காற்று போதவில்லை. பர்னரை விட்டுத் துள்ளினால் காற்று அதிகம். சிம்மில் வைத்து, பக்கத்துக் கதவை வேகமாகச் சாத்துங்கள். அப்போதும் அணையக் கூடாது. பெரிய பர்னரில் குக்கர் வைத்து முதல் விசில் வர ஆகும் நேரத்தைப் பாருங்கள். முன்பைவிட ரொம்ப தாமதமானால் ஜெட் அளவு சரியில்லை. அவர்கள் இருக்கும்போதே சொல்லி மாற்றுங்கள்.

கழற்றிய பழைய ஜெட்டுகளைக் கேட்டு வாங்கி, ஒரு சிறு பொட்டலத்தில் அடுப்பின் வாரண்டி அட்டையோடு வையுங்கள். நாளை குழாய் கேஸ் இல்லாத ஊருக்குப் போனால் அவை வேண்டும். பெரிய துளை ஜெட்டோடு அந்த அடுப்பைச் சிலிண்டரில் மாட்டினால் தீ ஆபத்தான அளவுக்கு உயர எழும். பழைய பொருள் கடையில் போடும்போதும் இதைச் சொல்லிப் போடுங்கள். கேஸ் கீசர் இருந்தால் அதை அடுப்போடு சேர்த்து இவர்களே மாற்றிவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். தயாரித்த நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

ரப்பர் டியூப் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, உள்ளே எஃகு இழை ஓடுகிற வகையாக இருக்கட்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பழைய சிலிண்டர் என்ன ஆகும்?

குழாய் கேஸ் வந்த வீட்டில் வீட்டு உபயோக எல்பிஜி இணைப்பையும் சேர்த்து வைத்திருக்க விதி இடம் தரவில்லை. அடுப்பு நன்றாக எரிகிறது என்று உறுதியானதும் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்துவிடுங்கள். இணைப்பு எடுத்தபோது தந்த சந்தா வவுச்சரைக் கொண்டுபோனால், முடிப்பு வவுச்சர் எழுதி, அன்று கட்டிய காப்புத்தொகையைத் திருப்பித் தருவார்கள். பழைய இணைப்பென்றால் தொகை சொற்பமாகத்தான் இருக்கும். பணத்தைவிட முடிப்பு வவுச்சர் முக்கியம். பிறகு எப்போதாவது எல்பிஜி திரும்ப எடுக்க வேண்டி வந்தால் பழைய இணைப்பை முறையாக முடித்ததற்கு அதுதான் ஆதாரம். அதைத் தொலைக்காதீர்கள்.

மீட்டரும் பில்லும்

மீட்டரில் கறுப்பு எண்கள் முழு கன மீட்டர், சிவப்பு எண்கள் அதன் பின்னம். பில் கறுப்பு எண்களுக்கு மட்டும். பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். கேஸ் திறந்த அன்று மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். முதல் பில்லில் ‘தொடக்க அளவு’ அந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வீடு பூட்டியிருந்ததால் ஆள் வந்து பார்க்கவில்லை என்றால் உத்தேசமாகப் போடுவார்கள். மீட்டர் படத்தை அனுப்பினால் அடுத்த பில்லில் சரிசெய்துவிடுவார்கள்.

கசிவு வாசனை வந்தால்

மீத்தேனுக்கு இயல்பில் வாசனை கிடையாது. எல்பிஜியில் கலப்பது போலவே இதிலும் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் வேதிப்பொருளைக் கலந்துதான் அனுப்புகிறார்கள். அதனால் வாசனையை மூக்கு உடனே அடையாளம் கண்டுகொள்ளும். வந்ததும் அடுப்பு வால்வை மூடுங்கள், மீட்டர் வால்வையும் மூடுங்கள். வால்வின் கைப்பிடி குழாய்க்கு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல். ஜன்னல், கதவு எல்லாம் திறக்க வேண்டும். எரியும் விளக்கை அணைக்கக்கூட ஸ்விட்சைத் தொட வேண்டாம், சாமி விளக்கு எரிந்தால் மட்டும் உடனே அணையுங்கள். வெளியே வந்த பிறகு நிறுவனத்தின் 24 மணி நேர அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 1906 என்பது எல்பிஜி கசிவுக்கான எண். குழாய் கேஸுக்கு அவரவர் நிறுவனத்தின் எண்தான். அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைக்கு வெளியே ஒட்டுங்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கும் வால்வு இரண்டையும் மூடிக் காட்டிக்கொடுங்கள்.

குழாயில் துணி காயப்போடுவது, பூந்தொட்டி மாட்டுவது, இன்வெர்ட்டருக்கு எர்த் எடுப்பது எதுவும் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் ஊருக்குப் போனால் மீட்டர் வால்வை மூடிவிட்டுப் போங்கள். வாசலில் போர்வெல்லுக்கோ கழிவுநீர்த் தொட்டிக்கோ தோண்டுவதானால் முதலில் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். தெருவில் பொக்லைன் வைத்துத் தோண்டும் ஒப்பந்ததாரர்களுக்கென்றே 2023 மார்ச்சில் மத்திய அரசு தோண்டும் முன் தகவல் தரும் செயலி ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. உங்கள் தெருவில் வேலை நடந்தால் அதில் பதிந்தீர்களா என்று கேளுங்கள்.

வீட்டை விற்றாலோ காலி செய்தாலோ குழாயை நீங்களே கழற்றக் கூடாது. கடைசி மீட்டர் அளவை எடுத்து, பாக்கியைக் கட்டி, ஒன்று புதியவர் பெயருக்கு இணைப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் நிறுவனத்தைக் கூப்பிட்டு வால்வுக்கு முத்திரை வைக்கச் சொல்லிக் காப்புத்தொகைக்கு விண்ணப்பியுங்கள். பெயர் மாற்றுவதென்றால் அந்தக் காப்புத்தொகையை வாங்குபவரிடம் வசூலிப்பதா, நிறுவனத்திடம் வாங்குவதா என்பதை விற்பனைப் பேச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.